குறி தவறாத பாராசூட் மலைக்கு மருந்து கொண்டுவருமா?

ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளின் சரக்கு லாரிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு பகலாக ஓடுகின்றன. அந்தச் சாலைக்குத் தெற்கே உள்ள மலைகளில் நிலைமை வேறு. 2023 மே மாதம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை இல்லாமல் பாதி வழியில் நின்றுவிட, தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையேறினார். மருந்தை வானிலிருந்தாவது போட முடியாதா என்று கேட்கத் தோன்றும்.

போடுவது புதிதல்ல. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படையின் ‘பூமாலை’ நடவடிக்கையில் ஐந்து ஏஎன்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் நிவாரணப் பொருள்களை இறக்கின. அந்தக் காலத்துப் பாராசூட் காற்று போன பக்கம் போகும். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கும் மூட்டைக்குத் தரை தொட 200 விநாடி ஆகும். காற்றும் அதே வேகத்தில் வீசினால், மூட்டை ஒரு கிலோமீட்டர் தள்ளி விழும். மலையில் அது அடுத்த பள்ளத்தாக்கு.

வழிகாட்டப்படும் பாராசூட்டின் வடிவமே வேறு. மேலும் கீழுமாக இரண்டு துணிகள், நடுவே தடுப்புத் தடுப்பாக அறைகள். முன்வாய் வழியாகக் காற்று புகுந்ததும் தலையணைபோல் உப்பி, விமான இறக்கையின் வடிவத்துக்கு வந்துவிடும். பிறகு அது சறுக்கிப் பறக்கும். பின் விளிம்பின் வலப்பக்கக் கயிற்றை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும். அந்தக் கயிற்றை இழுப்பது ஒரு சிறு மோட்டார். இருக்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸும் போகும் திசையைத் திசை உணரியும் சொல்ல, எப்போது இழுப்பது என்பதைப் பெட்டியில் உள்ள கணினி முடிவு செய்யும்.

இந்தியாவில் இதைச் செய்தது ஆக்ராவில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகம். 500 கிலோ வரை சுமக்கும் ‘கேட்ஸ்-500’, 2021 டிசம்பரில் மால்புராவில் 5,000 மீட்டர் உயரத்திலிருந்து தானாகவே குறித்த இடத்துக்கு வந்து இறங்கியது. அதை இறக்கியதும் ஏஎன்-32 விமானம்தான். ராணுவ, விமானப்படை வீரர்கள் 11 பேர் கூடவே குதித்து அதன் பின்னால் வந்தார்கள்.

சுமை சிறியதாகும்போது வேலை எளிதாகிவிடும் என்று நினைக்கலாம், உண்மையில் கடினமாகிறது. இரண்டு, மூன்று கிலோ பெட்டியைச் சுமக்கும் சிறு பாராசூட் மெதுவாகவே முன்னேறும். எதிர்க்காற்று அதைவிட வேகமாக அடித்தால், மோட்டார் எந்தக் கயிற்றை இழுத்தாலும் பின்னோக்கித்தான் போகும்.

இந்தச் சிக்கலெல்லாம் விமானம் உயரத்தில் இருக்க வேண்டியிருப்பதால் வருவது. கீழே வந்தால் சுட்டுவிடுவார்கள் என்ற போர்க்களத்துக் கவலை மலைக்கிராமத்துக்குக் கிடையாது. ருவாண்டாவில் 2016 முதல் ரத்தப் பைகளைக் கொண்டுபோகும் ஜிப்லைன் டிரோன்கள் தாழப் பறந்து, மலிவான சாதாரணப் பாராசூட்டில் பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்புகின்றன. குறிபார்க்கும் வேலை டிரோனுடையது. அல்லேரிக்கும் அதுவே பொருந்தும் என்பது என் கணிப்பு.

ஆனால் பாம்புக்கடி மருந்து மாத்திரை அல்ல. தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பிகள் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். கடும் ஒவ்வாமை வந்தால் உடனே அட்ரினலின் போடத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒரு செவிலியர் மலையிலேயே தங்கியிருந்தால், தூள் வடிவ மருந்தை முன்கூட்டியே அவரிடம் கொடுத்து வைத்துவிடலாம். அதற்குக் குளிர்பதனப் பெட்டிகூடக் கட்டாயமில்லை.