கல் தூசிக்கு யார் சாட்சி?

குஜராத்தின் கோத்ரா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது எரிந்த ரயில்தான். மத்தியப் பிரதேசத்தில் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டப் பழங்குடிக் கிராமங்களில் அந்த ஊர்ப் பெயருக்கு வேறு பொருள். பிழைப்புத் தேடிக் கோத்ராவுக்கும் பாலாசினோருக்கும் போனவர்கள், அங்கே வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைக்கும் ஆலைகளில் கூலிக்குச் சேர்ந்தார்கள். சில மாதங்கள் மட்டும் மூட்டை பிடித்தவர்கள்கூட, ஊர் திரும்பியதும் மூச்சு வாங்கி, எலும்பும் தோலுமாகிச் செத்துப்போனார்கள். குவார்ட்ஸ் ஏறக்குறைய முழுக்கச் சிலிக்கா. நுரையீரலின் ஆழத்துக்குப் போய்விட்ட துகளைச் சுற்றித் தழும்பு கட்டும். பஞ்சு மாதிரி விரிய வேண்டிய இடம் இறுகிப்போகும். சிலிக்கோசிஸைக் குணப்படுத்த இன்றுவரை மருந்து இல்லை.

2006-ல் ‘பிரசார்’ என்ற தன்னார்வ அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. விசாரித்த தேசிய மனித உரிமை ஆணையம், இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குக் குஜராத் அரசு தலா 3 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2010-ல் பரிந்துரைத்தது. பணம் வரவில்லை. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது. பத்து வருட அலைச்சலுக்குப் பிறகு ஓர் உயிருக்கு 3 லட்சம்.

இதைப் பெரிய வெற்றி என்று பலர் எழுதினார்கள். வெற்றிதான். ஆனால் சட்டப்படி வர வேண்டிய தொகையே வேறு. 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்சார் நோய் அட்டவணையில் சிலிக்கோசிஸும் இருந்தது. சிலிக்கோசிஸோடு சேர்ந்து வரும் டிபியும் அதில் உண்டு. அந்தச் சட்டத்தின் வழிமுறை இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. கணக்குப் போடும் விதம் மாறவில்லை. இறப்பு என்றால் மாதக் கூலியில் பாதியை, வயதுக்கென்று குறித்த எண்ணால் பெருக்க வேண்டும். 35 வயதுக்கு அந்த எண் 197.06. மாதம் 15,000 ரூபாய் கூலி என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: 14,77,950 ரூபாய். படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு இன்னும் அதிகம். அவருக்குப் பாதியல்ல, கூலியில் 60 சதவீதம்.

அப்படியானால் ஏன் யாரும் அதைக் கேட்பதில்லை? அந்தப் பணத்தை முதலாளி தர வேண்டும். முதலாளி யார் என்று தொழிலாளி காட்ட வேண்டும். மேஸ்திரி கூட்டிப்போய், வாரக் கூலியைக் கையில் கொடுத்து அனுப்பிய இடத்துக்கு என்ன அத்தாட்சி இருக்கும்? ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் மூல முதலாளியே பொறுப்பு என்றும், பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை பார்த்திருந்தால் பங்கு பிரித்துத் தர வேண்டும் என்றும் சட்டம் யோசித்துத்தான் எழுதியிருக்கிறது. சட்டத்தில் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரே ஏறாதவருக்கு அந்த யோசனை உதவுவதில்லை, அவ்வளவுதான்.

பதிவேட்டில் பெயர் இருப்பவர் நிலை கொஞ்சம் பரவாயில்லை. ஈஎஸ்ஐ அட்டை இருந்தால் முதலாளியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஈஎஸ்ஐ மருத்துவக் குழு ஊனத்தின் அளவை நிர்ணயிக்க, மாதாமாதம் உதவித்தொகை வரும். சுரங்க விதிகள் பொருந்தும் குவாரி என்றால், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டியது நிர்வாகத்தின் கடமை. 1995-ல் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தத் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவுகளை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றது. நோய் மெதுவாக வரும், காகிதம் சீக்கிரம் காணாமல் போகும் என்று நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது.

முதலாளியைக் காட்ட வேண்டும் என்ற முடிச்சை ஓரளவு அவிழ்த்தது ராஜஸ்தான். மணற்கல் குவாரிகளும் சிலை செதுக்கும் பட்டறைகளும் நிறைந்த மாநிலம் அது. 2019-ல் அங்கே வந்த கொள்கைப்படி, நோய் இருப்பதை அரசு மருத்துவக் குழு உறுதி செய்தால் போதும். முதலாளியைத் தேட வேண்டாம். சான்றிதழ் கிடைத்ததும் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், மாத ஓய்வூதியம் தனி. சட்டக் கணக்கோடு ஒப்பிட்டால் சொற்பம்தான். ஆனால் உயிரோடு இருக்கும்போதே கைக்கு வருகிறது. தூசியைப் பறக்கவிட்ட முதலாளி இதில் நழுவிவிடுகிறார் என்பது என் மனக்குறை.

உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் பிரசார் வழக்கை முடித்துவைத்து, தூசியைக் கண்காணிக்கும் வேலையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திடமும், இழப்பீட்டைக் கவனிக்கும் வேலையை மனித உரிமை ஆணையத்திடமும் ஒப்படைத்தது.

வழக்குகள் வெளிமாநிலத்தவை என்றாலும், மேலே சொன்ன மத்தியச் சட்டங்கள் கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைக்கும், உங்கள் ஊர் கிரஷருக்கும் பொருந்தும். மருத்துவமனைக்கு இருமலோடு போகிறவருக்கு, சிலிக்கோசிஸா என்று பார்க்காமல் டிபி மாத்திரை மட்டும் கொடுத்தனுப்பினால், பின்னால் வழக்குக்கு ஆதாரமே இல்லாமல் போய்விடும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கல் வேலை பார்த்தவர் யாராவது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால், கூடப் போங்கள். எங்கே, எத்தனை வருடம், என்ன வேலை பார்த்தார் என்பதை டாக்டரிடம் சொல்லி ஓபி சீட்டில் எழுத வையுங்கள். எக்ஸ்ரே படத்தை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். கூட வேலை பார்த்த இரண்டு பேரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.