வீட்டுப் பூனையின் வயிற்றில் புழு: அடையாளம் காண்பது எப்படி?

கடந்த தவணையில் எனது வகுப்புப் பிள்ளை ஒருவர் பாடம் நடக்கும்போதெல்லாம் சப்பாத்தைக் கழற்றிக் காலைச் சொறிந்து கொண்டிருந்தார். பாதத்தில் சிவந்த மெல்லிய கோடு ஒன்று வளைந்து வளைந்து சென்றிருந்தது. பூனை, நாய்களின் குடலில் வாழும் கொழுக்கிப்புழுவின் குடம்பி தோலுக்குள் புகுந்திருப்பதாக வைத்தியர் சொன்னார். மருந்து எடுத்துச் சில நாட்களில் குணமாகிவிட்டது.

ஆனால் மறுநாள் பிள்ளையின் உம்மா என்னிடம் வந்து, "டீச்சர், இவங்கட வாப்பா பூனையையும் குட்டிகளையும் சாக்கில கட்டிச் சந்தையடியில விடப்போறாரு" என்றார். விசாரித்தபோது, வீட்டு முற்றத்தில் கட்டடம் கட்டக் கொட்டிய மணல் பல மாதங்களாகத் திறந்தே கிடப்பதும், வீட்டுப் பூனையுடன் தெருநாய்களும் ஊர்ப் பூனைகளும் அங்கு மலம் கழிப்பதும், பிள்ளைகள் வெறுங்காலுடன் அதில் விளையாடுவதும் தெரிய வந்தது. பூனையை விரட்டினாலும் மணல் அங்கேயேதான் இருக்கும்.

நம்மில் நாய் வளர்ப்போர் குறைவு. ஆனால் பூனை இல்லாத முஸ்லிம் வீடு அரிது. பூனை அசுத்தமானதல்ல, அது நம்மைச் சுற்றித் திரியும் பிராணிகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் முடிவையும் ஹதீஸில் படித்திருக்கிறோம். எனவே விரட்டுவதற்கு முன் நோயை அறிந்து கொள்வதே முறை. மூன்று வகைப் புழுக்களைத் தெரிந்து கொண்டால் பெரும்பாலும் போதும்.

சோற்றுப் பருக்கை போலத் தெரிந்தால்

பூனையின் வால் அடியிலோ அது படுத்த துணியிலோ சோற்றுப் பருக்கை போன்ற வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டுகள். புதிதாக விழுந்தவை மெல்ல நெளியும். காய்ந்தவை எள்ளைப் போல மஞ்சளாகச் சுருங்கிவிடும். இந்த வகை நாடாப்புழு பரவுவது தெள்ளுப்பூச்சி மூலமாக. உடலை நக்கும்போது பூனை தெள்ளை விழுங்குகிறது, அதற்குள் இருக்கும் புழு குடலில் வளர்கிறது. ஆகவே புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்துத் தெள்ளை விட்டுவிட்டால், சில வாரங்களில் பருக்கைகள் மீண்டும் தெரியும். பூனை படுக்கும் துணியைச் சுடுநீரில் கழுவி நல்ல வெயிலில் போட வேண்டும்.

இடியப்ப இழை போல வந்தால்

வாந்தியிலோ மலத்திலோ இடியப்ப இழை போன்ற நீண்ட வெள்ளைப் புழு வந்தால் அது வட்டப்புழு. பூனைக்குட்டிகளுக்குத் தாய்ப்பால் வழியாகவே இது வந்துவிடும். நாய்க்குட்டிகளுக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொற்றிவிடும். முதுகெலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்து, வயிறு மட்டும் பானை போல் உப்பியிருக்கும். உரோமம் பளபளப்பின்றி இருக்கும். "நல்லாச் சாப்பிடுது, வயிறும் பெருத்திருக்கு" என்று நாம் சந்தோஷப்படும் குட்டிதான் பல வேளைகளில் புழு நிறைந்த குட்டி.

இந்தப் புழுவின் முட்டைகள் மலத்துடன் வெளியேறிய உடனே தொற்றுவதில்லை. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் அளவில் கிடந்த பின்னரே தொற்றும் நிலையை அடைகின்றன. பின்னர் வருடக்கணக்கில் மண்ணில் உயிருடன் இருக்கும். மண் தின்னும், அல்லது கை கழுவாமல் சாப்பிடும் சிறு பிள்ளையின் வயிற்றுக்குள் சென்றால் குடம்பிகள் ஈரல், நுரையீரல் எனப் பயணிக்கலாம். அபூர்வமாகக் கண்ணை அடைந்து பார்வையையும் பாதிக்கலாம். மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பது ஏன் முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

எதுவுமே தெரியாவிட்டால்

மிக ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத கொழுக்கிப்புழு. ஒரு சென்ரிமீற்றர் அளவேயான இது குடற்சுவரைக் கவ்விக் கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். மலத்தில் புழு தெரிவது அரிது. பிராணியின் உதட்டை உயர்த்தி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய முரசு வெளிறி இருந்தால், மலம் தார் போலக் கறுத்திருந்தால், குட்டி சோர்ந்து படுத்தே கிடந்தால் தாமதிக்கக் கூடாது. சிறு குட்டிகள் இரத்த இழப்பால் இறந்துவிடும்.

இவ்வகைப் புழுக்களில் ஒன்றுக்கு நமது நாட்டின் பெயரே உண்டு. அன்சைலொஸ்டோமா சைலானிக்கம் எனும் அந்தப் புழு, 1911இல் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து பெறப்பட்டு முதன்முதலாக விபரிக்கப்பட்டது. நாய், பூனைகளில் வாழும் இது மனிதக் குடலிலும் முழுமையாக வளரக் கூடியது.

நாய் பின்புறத்தைத் தரையில் தேய்ப்பதைப் புழுவின் அடையாளம் என்பார்கள். அது குதச் சுரப்பி அடைப்பாகவும் இருக்கலாம். மறுபுறம், வளர்ந்த பூனைகள் பல எந்த அடையாளமும் காட்டாமலேயே புழுவைச் சுமக்கும். சந்தேகம் இருந்தால் அன்றைய மலத்தில் சிறிதளவைச் சுத்தமான டப்பாவில் இட்டு மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். நுணுக்குக்காட்டியில் முட்டைகளைப் பார்ப்பார்கள். நாடாப்புழு இந்தச் சோதனையில் தவறிவிடக் கூடும் என்பதால், பருக்கை போன்ற துண்டு கிடைத்தால் அதையும் எடுத்துச் செல்வது நல்லது.

மருந்தில் செய்யும் தவறுகள்

பிள்ளைகளுக்குப் பாடசாலையில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பூனைக்குக் கொடுப்பது தவறு. மருந்தின் வகையும் அளவும் பிராணியின் நிறையைப் பொறுத்தது. புழுவுக்கு வெள்ளைப்பூடு நல்லது என்று அரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. வெள்ளைப்பூடும் வெங்காயமும் பூனை, நாய்களின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் நஞ்சு. நாய்களின் தெள்ளுக்குப் பூசும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

பூனைக்குட்டிக்கு மூன்று வார வயதில் ஆரம்பித்து, பால் மறக்கும் வரை இரண்டு வாரங்களுக்கு ஒரு தடவையும், பின்னர் ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவையும், அதன் பிறகு மூன்று மாதங்களுக்கு ஒரு தடவையும் பூச்சி மருந்து கொடுப்பது பொதுவான முறை. தாய்ப் பூனைக்கும் குட்டிகளுடன் சேர்த்தே கொடுக்க வேண்டும். சரியான அளவை உங்கள் பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டறியலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

மணலைப் படங்கால் மூடி வையுங்கள். பிள்ளைகள் முற்றத்தில் இறங்கும்போது செருப்பு போடட்டும். சாப்பிடு முன் சவர்க்காரத்தால் கை கழுவப் பழக்குங்கள். வல்லாரை, பொன்னாங்காணி போன்ற கீரைகளை நன்கு அலசுங்கள். பூனையின் மலம் நஜீஸ் என்று நமது ஃபிக்ஹ் பாடத்தில் சிறு வயதிலேயே படித்தோம். தொழுகைக்காக நாம் பேணும் அதே சுத்தம் முற்றத்துக்கும் மத்ரஸா வளவுக்கும் வர வேண்டும். காலில் கோடு தோன்றினால் மண்ணெண்ணெய் பூசாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அந்த வீட்டு வாப்பாவிடம் இவற்றையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சந்தையடியில் விட்டால் பால்குடிக் குட்டிகள் பட்டினியில் சாகும், புழுவோ இன்னொரு வீட்டு முற்றத்துக்குப் போகும் என்பதையும் சொன்னேன். இப்போது மணலுக்குப் படங்கு போட்டிருக்கிறார்கள். பூனைக்கும் குட்டிகளுக்கும் மருந்து கொடுத்தாகிவிட்டது. பிள்ளையின் காலும் அல்ஹம்துலில்லாஹ் சுகம். பாதி கட்டிய கட்டடத்தின் மணல் பல பள்ளிவாசல் வளவுகளிலும் இப்படித்தான் திறந்து கிடக்கிறது. நிர்வாகிகள் இந்த வாரமே அதை மூடுவதற்கு ஏற்பாடு செய்தால் நன்று.