நீலகிரிக் கத்திகள்: செய்தவரும் சேர்த்தவரும்

நீலகிரியின் பழைய இரும்புக் கருவிகளைத் தேடிச் சேர்க்கும் வழக்கம் ஈமக்குழிகளிலிருந்தே தொடங்கியது. மலைமுகடுகளில் வட்டமாகக் கல்லடுக்கி இறந்தோர்க்கு எழுப்பப்பட்ட சின்னங்களை அகழ்ந்த காங்கிரீவ் என்னும் ராணுவ அதிகாரி, தாம் கண்டவற்றைச் சென்னையில் வெளிவந்த ஆய்விதழ் ஒன்றில் 1847இல் எழுதினார். பழங்குடிகளின் ஆயுதங்கள், கருவிகள் ஆகியவற்றோடு கல்லறைப் பொருள்களையும் திரட்டுமாறு கல்கத்தா இந்திய அருங்காட்சியகம் 1871இல் விடுத்த வேண்டுகோளின்பேரில், நீலகிரியின் முதல் ஆணையரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் அப்பணியை மேற்கொண்டார். மறு ஆண்டே அவர் இறந்துவிட, 1873இல் வெளிவந்த அவரது நூல் குத்துவாள், ஈட்டிமுனை, அரிவாள் முதலியவற்றைப் படங்களோடு காட்டியது. அவர் திரட்டியவற்றில் பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ஊட்டியில் அவர் பெயரால் அமைந்த பள்ளி இன்றும் நடக்கிறது.

பிரீக்ஸின் தொகுப்பில் பேர்பெற்றவை கல்லறைப் பொருள்களே என்பது சற்று வியப்புக்குரியது. ஏனெனில் அதே மலையில் உலைமூட்டிக் கத்தி அடித்துக்கொண்டிருந்த கோத்தர்கள் அன்றும் கண்முன் இருந்தனர். தோடர், படகர், குறும்பர் ஆகியோருக்குக் கத்தியும் கோடரியும் செய்து கொடுத்து, தானியமும் நெய்யும் பிறவும் பெற்றுக்கொண்ட கொல்லர்கள் இவர்கள். மட்பாண்டமும் இசையும்கூட இவர்கள் கைத்திறனே. கோத்த மொழியில் கொல்லுலையைக் குறிக்கும் ‘கொலேல்’ என்னும் சொல் ஊர்க்கோயிலையும் குறிப்பதாகத் திராவிட வேர்ச்சொல் அகராதி பதிவு செய்கிறது. தமிழின் ‘கொல்லன்’ என்பதும் அதே வேரில் பிறந்ததே. உலையையும் தெய்வத்தின் இருப்பிடத்தையும் ஒரே சொல்லால் அழைத்த மக்களின் கத்தியை வெறும் இரும்புத் துண்டாக மதிப்பது பெரும்பிழை.

கையால் அடித்த கத்தியை அறிய அதன் முதுகை நோக்க வேண்டும். சம்மட்டி விழுந்த இடங்கள் சிறு பள்ளங்களாகத் தெரியும். தடித்த முதுகிலிருந்து கூர் நோக்கித் தகடு மெல்ல இளைத்து வரும். கைப்பிடிக்குள் செருகிய வால்பகுதி அசையாதிருக்கப் பிடியின் வாயில் இரும்புப் பூண் மாட்டப்பட்டிருக்கும். பழுக்கக் காய்ச்சிய கத்தியை நீரிலோ எண்ணெயிலோ முக்கி இறுகச் செய்வதே தோய்ச்சல் எனப்படுகிறது. அது மிகுந்தால் கூர் உடையும், குறைந்தால் விரைவில் மழுங்கும். இக்காலக் கொல்லர் பலர் பழைய லாரியின் வில்பட்டையை அறுத்தே கத்தி அடிக்கின்றனர். அதனால் அதன் மதிப்பு குறைவதில்லை.

தேயிலைத் தோட்டங்கள் இம்மலைக்கு வேறொரு கத்தியைத் தந்தன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியின் கிளைகளை வெட்டித் தாழ்த்தும் கவாத்துக்கு உரிய அக்கத்தி, கிளை பிளவுபடாமல் சாய்வாக ஒரே வீச்சில் வெட்ட வேண்டும் என்பதால் நாள்தோறும் தீட்டப்பட்டது. இப்போது அந்த வேலையில் பெரும்பங்கை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டதால், தேய்ந்த கவாத்துக் கத்திகள் பழைய இரும்பு எடைக்குப் போகின்றன. சேகரிப்போர் முதலில் காக்க வேண்டியது இவற்றையே.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள தகட்டைக் கொண்ட கத்திகளை ஆயுத விதிகள் ஆயுதமாகக் கருதுகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என வடிவமைக்கப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. நூறாண்டைக் கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. கல்லறைக் குழிகளில் கைவைக்காமல், உயிரோடிருக்கும் கொல்லரிடம் கத்தி வாங்குவோர், செய்தவர் பெயர், ஊர், நாள் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி அக்கத்தியின் பிடியிலேயே கட்டிவைக்க வேண்டும்.