அரசுப் புள்ளிவிவரங்களும் பொதுமக்களும்: ஆயர் தாவாரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஒரு சமூகம் தன் நிலையை எடுத்துரைத்து உரிய பங்கைக் கோருவதற்கு எண்கள் இன்றியமையாதவை. அவை அரசிடம் இருந்தால் மட்டும் போதாது. பொதுமக்கள் எடுத்தாளத்தக்க வடிவிலும் அமைதல் வேண்டும். மலேசியாவில் இந்நிலை எவ்வளவு கைகூடியுள்ளது என்பதைப் பேராக், மஞ்சோங் மாவட்டத்து ஆயர் தாவாரைச் சான்றாகக் கொண்டு காண்போம்.

1949இல் தொடங்கப்பெற்ற புள்ளிவிவரத் துறையின் வெளியீடுகள் நெடுங்காலம் அச்சு நூல்களாகவே கிடைத்தன. 2022இல் அத்துறை 'ஓப்பன்டோசம்' என்னும் இணையத்தளத்தைத் தொடங்கியது. அட்டவணைகளை எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். அதன் 'காவாசான்கு' பகுதி மாவட்டம், நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி வாரியாக விவரம் தருகிறது. இது பெரும் முன்னேற்றமே.

அடிப்படை எண்கள் கைக்கெட்டுவதன் பயனை ஒரு சான்றால் உணரலாம். குடிமக்களுள் இந்தியர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 7.3 விழுக்காடு, 2020இல் 6.7 விழுக்காடு. இதனை மட்டும் காண்போர் இந்தியர் தொகை குறைந்ததெனக் கருதக்கூடும். ஆயின், குடிமக்கள் தொகை ஏறத்தாழ 26 மில்லியனிலிருந்து 29.8 மில்லியனாகப் பெருகியது. எனவே இந்தியர் எண்ணிக்கை 1.9 மில்லியனிலிருந்து 2 மில்லியனை நெருங்கியது. குறைந்தது விகிதமே; எண்ணிக்கையன்று.

எனினும், ஆயர் தாவார் போன்ற சிற்றூரை ஆராய்வோர் மூன்று தடைகளை எதிர்கொள்வர். முதலாவது, எல்லை மாற்றம். லூமுட், பங்கோர் உள்ளிட்ட டிண்டிங்ஸ் பகுதி 1935 வரை நீரிணைக் குடியேற்றங்களைச் சார்ந்திருந்தது. ஆகவே 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இன்றைய மஞ்சோங் மாவட்டத்தின் நிலையை அறிய இரு ஆட்சிப்பகுதிகளின் அட்டவணைகளையும் இணைத்துப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, வரையறை. 100 ஏக்கருக்குக் குறையாத நிலமே புள்ளிவிவரத்தில் 'தோட்டம்' எனப்பட்டது. 1950களிலும் 1960களிலும் இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, அத்துண்டுகள் பல சிறுதோட்டக் கணக்கிற்கு மாறின. துண்டாடலை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். அதன்பின் நகர்ப்புறங்களில் குடியேறிய குடும்பங்களும் தோட்டக் கணக்கிலிருந்து மறைந்தன. தோட்டத் தொழிலாளர் தொகையின் சரிவை வறுமையின் சரிவாகக் கொள்வது பிழையாகும்.

மூன்றாவது, நுண்விவரமின்மை. ஒரு தொகுதியின் இன அமைப்பும் சராசரி வருமானமும் தனித்தனியே கிடைப்பினும், அங்குள்ள இந்தியக் குடும்பங்களின் வருமானம் அவற்றால் புலப்படாது. சிறு இடங்களில் மாதிரிக் குடும்பங்கள் மிகச் சிலவே. அவற்றை மேலும் பகுத்தால் கிடைக்கும் எண் நம்பத்தக்கதாகாது. தனியார் விவரங்களைக் காக்கும் 1965ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டமும் கருதத்தக்கது.

இத்தடைகளுள் சில நீக்கத்தக்கவை. பழைய எல்லைகளையும் புதிய எல்லைகளையும் பொருத்திக் காட்டும் அட்டவணை, கணக்கெடுப்பு விவரங்களின் முக்கிம் வாரியான தொகுப்பு, மலாய், ஆங்கில விளக்கங்களுக்கு இணையான தமிழ்க் கலைச்சொற் பட்டியல் ஆகியவை உடனடித் தேவைகள். முதலிரண்டும் அரசின் கடமை. மூன்றாவது தமிழ் ஆய்வுலகின் கடமை. இவை நிறைவேறின், துண்டாடப்பட்ட தோட்டங்களின் மக்கள் எங்குச் சென்றனர், எவ்வாறு வாழ்கின்றனர் என்னும் வினாக்களை ஊகத்தால் அன்றிச் சான்றால் அணுக நமக்கு வழி பிறக்கும்.