வலிப்பு நோயுற்ற ஊர்ப்புறச் சிறாரும் உளத்துணையும்: பெயரிடலில் தொடங்கும் பணி

முன்னுரை

பினாங்கு ஜோர்ச்டவுனின் லிட்டில் இந்தியாவில், குயின் வீதியில், 1833ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட மகாமாரியம்மன் திருக்கோயில் உள்ளது. வட மாநிலங்களின் மேற்சிகிச்சை மையமான பினாங்கு பொது மருத்துவமனையும் இதே நகரில்தான் இயங்குகிறது. செபராங் பிறை, கெடா ஆகிய பகுதிகளின் தோட்டப்புறங்களிலிருந்து பிள்ளையை மருத்துவரிடம் காட்ட வரும் தமிழ்ப் பெற்றோர், அம்மனிடமும் வேண்டிக்கொண்டு ஊர் திரும்புவது இயல்பே. மருந்தும் வேண்டுதலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஆயின், இவ்விரண்டிற்கும் இடையே அப்பிள்ளையின் மனம் கவனிப்பாரின்றி நின்றுவிடுவதுண்டு. நெடுநாள் நோயுற்ற ஊர்ப்புறச் சிறாருக்கு வேண்டிய உளத்துணையை, வலிப்பு நோயை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அத்துணை மொழியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

நோயும் பெயரும்

மூளை நரம்பணுக்களின் மின்செயற்பாடு திடீரென அளவிறந்து எழும்போது வலிப்பு உண்டாகிறது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்றும், முறையான சிகிச்சை பெற்றால் அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழக்கூடும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது தொற்றுநோயன்று, பைத்தியமுமன்று.

எனினும், வழங்கும் பெயர்கள் வேறு கதை சொல்கின்றன. 'கால் கை வலிப்பு' என்பதே மருவிக் 'காக்காய் வலிப்பு' ஆயிற்று என்பர். அவ்வாறாயினும், இன்று அச்சொல்லைக் கேட்கும் சிறுவனுக்குக் காகமே நினைவுக்கு வரும். உடன்பயில்வோரின் கேலிக்கும் அதுவே வாய்ப்பாகும். மலாய் மொழியின் பழைய வழக்கான 'கிலா பாபி' என்பதன் பொருள் பன்றிப் பைத்தியம் என்பதாகும். கொரிய மொழியில் பழைய பெயர் இழிவு தருவதாக உணரப்பட்டமையால், மூளையின் மின்செயற்பாட்டைக் குறிக்கும் புதுப்பெயர் ஆக்கப்பட்டது. இந்தியாவின் இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு, மனநோயுடன் சேர்த்து எண்ணப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை நீக்கியது. பெயரும் வகைப்பாடும் வாழ்வையே கட்டுப்படுத்துவதை இவற்றால் அறியலாம்.

மறைத்தலின் விளைவு

"வெளியில் சொல்லாதே" என்று பெற்றோர் கூறுவது அன்பினால்தான். நாளைய திருமணத்தை எண்ணிய அச்சத்தினாலும்தான். ஆனால், அப்பிள்ளை அதிலிருந்து கற்பது ஒன்றே: தன் உடலில் வெட்கப்படத்தக்க ஏதோ ஒன்று உள்ளது என்பது. வலிப்புள்ள சிறாரிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவரைவிட மிகுதியாகக் காணப்படுவதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. ஊர்ப்புறத்திலோ எல்லாரும் எல்லாரையும் அறிவர். ஆனால் உளவியலாளர் அருகில் இரார். சிறிய தமிழ்ப்பள்ளிகளில் வகுப்பாசிரியரே அப்பிள்ளை நாள்தோறும் காணும் பயிற்சி பெற்ற ஒரே பெரியவராக இருத்தல் கூடும். ஆகவே, உளத்துணைப் பொறுப்பில் ஒரு பகுதி அவரையே சேர்கிறது.

ஆசிரியர் செய்யத்தக்கவை

முதலாவது, இனங்காணுதல். வலிப்பு எல்லாம் கீழே விழுந்து துடிப்பதன்று. சில பிள்ளைகள் சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நிகழாததுபோல் பாடத்தைத் தொடர்வர். இதனைக் கவனக்குறைவென்று கடிந்துகொண்டால், தான் செய்யாத பிழைக்குப் பிள்ளை தண்டனை பெறுகிறது. இது அடிக்கடி நிகழின் பெற்றோரிடம் தெரிவித்து மருத்துவரை நாடச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, முதலுதவி. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மென்மையானதொன்றை வைத்து, கழுத்துப்பட்டையைத் தளர்த்த வேண்டும். வாயில் எதனையும் திணித்தலாகாது. கை கால்களை அழுத்திப் பிடித்தலும் கூடாது. கையில் சாவிக்கொத்தைக் கொடுக்கும் வழக்கத்தால் பயனில்லை. 5 நிமிடங்களுக்கு மேல் நீடிப்பின் 999 எண்ணை அழைக்க வேண்டும். பதறாத ஆசிரியரைக் காணும் வகுப்பும் பதறாது.

மூன்றாவது, சொல். பெற்றோர், பிள்ளை ஆகியோரின் இசைவுடன், "மூளையில் சிறிதுநேரம் மின்னோட்டம் மிகுந்துவிடுகிறது, பின்னர் அடங்கிவிடும்" என்று வகுப்பிற்கு எளிய தமிழில் விளக்கலாம். விளையாட்டிலிருந்தும் சுற்றுலாவிலிருந்தும் பிள்ளையை முற்றாக ஒதுக்குதல் கூடாது. நீச்சல், உயரம் ஏறுதல் போன்றவற்றில் மட்டும் துணையும் மருத்துவர் அறிவுரையும் தேவை. மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது என்பதைப் பெற்றோருக்கு நினைவூட்டுவதும் நன்று.

முடிவுரை

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து துணைசெய்பவரையும் மருத்துவத்தின் நான்காம் கூறாக எண்ணி நிறைவுறுகிறது. தோட்டப்புறப் பிள்ளைக்குப் பள்ளிநேரத்தில் அந்நான்காமவர் ஆசிரியரே. 'காக்காய் வலிப்பு' என்பதை விடுத்து 'வலிப்பு நோய்' என வழங்குவதால் மட்டும் நோய் நீங்கிவிடாது. ஆயினும், தன் நோயின் பெயரைத் தலைகுனியாமல் சொல்ல இயன்ற பிள்ளை, உதவி வேண்டும்போது அதனைக் கேட்கவும் துணியும். அத்துணிவை வளர்ப்பதில் தமிழாசிரியருக்குத் தனிப்பங்கு உண்டு என்பது நம் துணிபு.