ஜப்பான் 2011: ஓர் ஆண்டின் ஒற்றை எழுத்து!

'சுனாமி' ஜப்பானியச் சொல். 2004 டிசம்பர் 26 அன்று அலை தாக்கிய பிறகுதான், விழுப்புரம் மாவட்டம் பொம்மையார்பாளையம் போன்ற கடலோர கிராமங்களில் பலருக்கும் அந்தச் சொல் பழக்கமானது.

சுனாமியைத் தலைமுறைகளாக அறிந்த ஜப்பானையே 2011 மார்ச் 11 உலுக்கியது. 9.0 அளவு நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை விபத்து. 18,000-க்கும் அதிகமானோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். கோடையில் மின்சாரத்தை மிச்சப்படுத்த, அலுவலகங்களில் ஏ.சி-யைக் குறைத்தார்கள், கோட்டும் டையும் இல்லாமல் வேலைக்கு வந்தார்கள். ஜூலையில் மகளிர் கால்பந்து உலகக் கோப்பையை ஜப்பான் முதன்முறையாக வென்றது.

அந்த ஆண்டைச் சொல்லும் ஒற்றை எழுத்தாக டிசம்பரில் மக்கள் தேர்ந்தெடுத்தது, 'கிசுனா'. அதாவது, பிணைப்பு.

அதன் பொருள் கமைஷி நகரில் புரியும். 'அலை வந்தால் யாருக்காகவும் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓடு' என்பது அங்கே பள்ளிப் பாடம். அம்மாவும் ஓடியிருப்பார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளை ஓடும். அன்று பெரிய மாணவர்கள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நகரின் சுமார் 3,000 பள்ளிப் பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் பிழைத்தார்கள்.

நமக்கும் 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. எச்சரிக்கை வந்தால் எந்த வழியில் ஓடுவது, எங்கே ஒன்றுசேர்வது என்பதைக் கடலோரக் குடும்பங்கள் இன்றே பேசி வைத்துக்கொள்ளலாம்.