வீட்டுக்குள் ஒரு பிரசவத் தொட்டி: லண்டனில் கண்டதும் வன்னியில் இல்லாததும்

"அம்மா, இந்தமுறை ஆஸ்பத்திரியில இல்லை. வீட்டிலதான். தண்ணித் தொட்டிக்குள்ள" என்று லண்டனில் இருந்து மகள் தொலைபேசியில் சொன்னபோது, "உனக்கென்ன விசரே பிள்ளை?" என்றுதான் கேட்டேன்.

நான் வன்னியில் 25 வருடங்களுக்கு மேல் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவள். சனங்களுக்கு நான் 'மிட்வைவ் அம்மா'. 1996இல் கிளிநொச்சியை விட்டுச் சனம் இடம்பெயர்ந்த பிறகு, மரங்களுக்குக் கீழும் தறப்பாள் கொட்டில்களிலும் பல பிரசவங்கள் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட எந்தத் தாயும் விரும்பித் தெரிந்தெடுக்கவில்லை. ஆஸ்பத்திரி தூரம். வாகனம் கிடைக்காது. வாகனம் கிடைத்தால் எண்ணெய் இருக்காது. எங்களுக்கு வேறு வழி இல்லாமல் வந்த ஒன்றை, எல்லா வசதியும் உள்ள நாட்டில் இருந்துகொண்டு என் பிள்ளை கேட்டு வாங்குகிறாளே என்ற கோபத்தோடுதான் விமானம் ஏறினேன்.

திரும்பி வந்த பிறகு இரண்டு கேள்விகளை அடிக்கடி கேட்கிறார்கள். "என்ர மகளும் அங்க இப்பிடிச் சொல்லுறாள், விடலாமோ?" என்பது தாய்மாரின் கேள்வி. "வீடியோவில பாத்தனான் அன்ரி, இஞ்சையும் செய்யலாமோ?" என்பது இளம் பெண்களின் கேள்வி. இரண்டுக்கும் எனக்குத் தெரிந்த பதிலை எழுதுகிறேன்.

தொட்டி எப்படிப்பட்டது?

மடித்த நிலையில் ஒரு பெட்டிக்குள் வருகிறது. மின்சார பம்பால் காற்றடித்தால் சில நிமிடங்களில் எழும்பி நிற்கும். பிள்ளைகள் விளையாடும் காற்றுத் தொட்டியைப் போன்றது என்று நினைத்தேன். அப்படி இல்லை. சுவர் தடிப்பானது. தாய் அதன்மேல் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தாலும் மடங்காது. அடித்தளத்துக்கும் காற்றடிக்க வேண்டும், முழங்காலில் நிற்கும்போது தரை உறுத்தாது. உள்ளே பிடிப்பதற்குக் கைப்பிடிகள் உண்டு. ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதிதாக ஒரு பிளாஸ்ரிக் உறையை உள்ளே விரித்து, பிறகு எறிந்துவிடுவார்கள்.

உட்கார்ந்தால் வயிறு முழுதாக மூழ்கி, மார்பளவுக்குத் தண்ணீர் வரவேண்டும். மகளின் தொட்டிக்கு ஏறத்தாழ 600 லீற்றர் தேவைப்பட்டது. 50 சென்ரிமீற்றர் ஆழத் தண்ணீர் என்றால் ஒரு சதுர மீற்றர் தரையில் 500 கிலோ பாரம். அதனால் கீழ்த்தள அறையில், சீமெந்துத் தரையில் வைத்தார்கள். மாடி வீட்டில் இருப்பவர்கள் தரை தாங்குமா என்று கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

அடுத்தது சுடுநீர். குளிர்காலத்தில் பைப் தண்ணீர் 10 பாகை, கொதிகலனில் இருந்து வரும் தண்ணீர் 60 பாகை என்று வைத்துக்கொண்டால், 37 பாகையில் 600 லீற்றர் சேர்க்க 320 லீற்றருக்கு மேல் சுடுநீர் வேண்டும். 150 லீற்றர் தாங்கி உள்ள வீட்டில் பாதியிலேயே குளிர்நீர் வரத் தொடங்கிவிடும். மருமகன் ஒரு சனிக்கிழமை ஒத்திகை பார்த்தார். நிரம்ப ஒரு மணித்தியாலம் எடுத்தது. இரண்டாவது பிள்ளை சில வேளை அதைவிட வேகமாக வந்துவிடும். அதனால் அந்த ஒத்திகை அவசியமானது.

ஒத்திகைத் தண்ணீரை அன்றே இறைத்துவிட்டார்கள். நோவு வரும்வரை நிரப்பி வைக்கக் கூடாது. 2014இல் இங்கிலாந்தில், சூடாக்கியும் சுழற்சிப் பம்பும் பொருத்திய ஒரு தொட்டியைப் பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பே நிரப்பி வைத்திருந்தார்கள். அதில் பிறந்த குழந்தைக்கு லெஜியோனெல்லா என்ற பக்டீரியாவால் கடும் நுரையீரல் நோய் வந்தது. இளஞ்சூட்டில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் அந்தக் கிருமிக்கு நல்ல இடம். முன்கூட்டியே நிரப்பிச் சூடாக்கி வைக்கும் அந்த வகைத் தொட்டிகளை வீட்டில் பயன்படுத்த வேண்டாம் என்று அங்குள்ள சுகாதார அதிகாரிகள் உடனேயே அறிவித்தார்கள். நோவு வந்தபின் வீட்டுப் பைப்பில் இருந்து நிரப்பும் தொட்டிகளுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. தண்ணீர் பிடிக்கும் ஹோஸ் பைப்பும் புதிதாக இருக்க வேண்டும். தோட்டத்துக்குப் பாவித்தது கூடாது.

தண்ணீர் என்ன செய்கிறது?

நோவைக் குறைக்கிறது. முழுதாக இல்லை, தாங்கக்கூடிய அளவுக்கு. தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்குவதால் தாய் விரும்பியபடி திரும்பலாம், முழங்காலில் நிற்கலாம், குந்தலாம். நோவின்போது தண்ணீரில் இருப்பவர்களில் முதுகில் போடும் ஊசியைக் கேட்பவர்கள் சற்றுக் குறைவு என்று 2018இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

"பிள்ளை தண்ணிக்குள்ள மூச்சு எடுக்காதோ?" என்பதுதான் எல்லாரும் கேட்பது. பிறக்கும் கணம்வரை பிள்ளைக்கு ஒட்சிசன் தொப்புள்கொடி வழியாகவே போகிறது. நலமாக உள்ள பிள்ளை, முகத்தில் காற்றுப்பட்டு வெளிச்சூழலை உணர்ந்த பின்னரே பொதுவாக முதல் மூச்சை இழுக்கும். அதனால் பிள்ளை முழுதாகத் தண்ணீருக்குள்ளேயே பிறந்து, உடனே முகம் மேலே வரும்படி மெதுவாகத் தூக்கப்பட வேண்டும். தலை ஒருமுறை வெளியே வந்துவிட்டால் திரும்பத் தண்ணீருக்குள் போகக் கூடாது. தூக்கும்போது கொடி இழுபடக் கூடாது. பிரித்தானியாவில் தொட்டியைப் பாவித்த 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆபத்துக் குறைந்த தாய்மாரை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. தண்ணீருக்குள் பிறந்த பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் பெரிய ஆபத்துகள் கூடவில்லை. கொடி அறுவது மட்டும் தண்ணீரில் கூடுதலாக இருந்தது, நூற்றுக்கு ஒன்று அளவில். கொடி அறுந்தால் உடனே கிளிப் போடத் தெரிந்த ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

தண்ணீரின் சூடு 37.5 பாகையைத் தாண்டக் கூடாது. தாய்க்குச் சூடேறினால் பிள்ளையின் இதயத்துடிப்பும் ஏறும். மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீரின் சூட்டையும் தாயின் காய்ச்சலையும் அளக்கிறார்கள். பெத்தடின் போன்ற ஊசி போட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள்.

யாருக்குப் பொருந்தாது?

கர்ப்பத்தில் சிக்கல் இல்லாதவர்களுக்கு மட்டுமே இது. இரட்டைப் பிள்ளை, தலை கீழே திரும்பாத பிள்ளை, 37 வாரத்துக்கு முன் வரும் நோவு, உயர் பிறசர், முந்தைய பிரசவத்தில் கடும் இரத்தப்பெருக்கு, முன்பு சிசேரியன் என்றால் ஆஸ்பத்திரியைத்தான் சொல்வார்கள். கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்களுக்கும் அப்படியே. தெற்காசியப் பெண்களுக்கு அது வரும் வாய்ப்புக் கூட என்பதால் எங்கள் பிள்ளைகளில் பலர் இதிலேயே தடைப்பட்டுவிடுவார்கள்.

முதல் பிள்ளையா, இரண்டாவதா என்பதும் முக்கியம். இங்கிலாந்தில் ஆபத்துக் குறைந்த ஏறத்தாழ 64 ஆயிரம் பிரசவங்களைப் பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. முன்பு பெற்றவர்கள் வீட்டில் பெறத் திட்டமிட்டபோது பிள்ளைக்கு ஆபத்துக் கூடவில்லை. முதல் பிள்ளைக்கு ஆபத்துச் சற்றுக் கூடியது: வைத்தியர்கள் உள்ள பிரிவில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. வீட்டில் தொடங்கிய முதல் பிரசவங்களில் நூற்றுக்கு 45 பேர் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். முன்பு பெற்றவர்களில் நூற்றுக்கு 12 பேர்.

மகளுக்கு இது இரண்டாவது பிள்ளை. இந்தக் கணக்கையெல்லாம் அவளுடைய மருத்துவமாது மேசையில் இருந்து ஆறுதலாக விளங்கப்படுத்தினார். என் கோபம் அன்றுதான் கொஞ்சம் இறங்கியது.

அந்த இரவு

நோவு கூடியதும் மருத்துவமாது வந்தார். பிறகு இரண்டாவது மருத்துவமாதுவும் வந்தார். பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்கும் பையும் முகமூடியும், ஒட்சிசன், இரத்தப்பெருக்கை நிறுத்தும் ஊசிகள், சேலைன் என்று கொண்டுவந்ததை ஒரு மேசையில் அடுக்கினார்கள். வீட்டார் வைத்திருந்தது டோர்ச், கண்ணாடி, பழைய துவாய்கள், ஒரு வடி. வடி எதற்கென்று எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. முக்கும்போது தண்ணீரில் மலம் போவது வழமைதானே.

மகள் தொட்டியில் இறங்கியதும் அவளுடைய தோள் தளர்ந்ததைக் கண்டேன். சுவரில் கைகளைப் போட்டு முழங்காலில் நின்றாள். மருத்துவமாது பக்கத்தில் பேசாமல் இருந்தார். 15 நிமிடத்துக்கு ஒருமுறை, தண்ணீருக்குள்ளும் பிடிக்கும் டொப்ளரால் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டார். நாங்கள் தாய்மாரை மல்லாக்கப் படுக்கவைத்து, முக்கு முக்கு என்று சத்தம் போட்ட காலம் நினைவுக்கு வந்தது. அதில் எவ்வளவு தேவையாக இருந்தது, எவ்வளவு எங்கள் பழக்கம் என்று அங்கிருந்து யோசித்தேன்.

இரண்டரை மணித்தியாலம் கழித்துப் பன்னீர்க்குடம் உடைந்தது. டோர்ச் வெளிச்சத்தில் தண்ணீர் பச்சையாகக் கலங்கியது. பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, அதுவும் தடிப்பாக. எனக்குக் கை நடுங்கியது. மருத்துவமாது குரலை உயர்த்தவில்லை. "இப்போது வெளியே வருகிறோம்" என்றார். மகள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கர்ப்பகாலத்திலேயே அதைப் பேசி முடித்திருந்தார்கள். மற்றவர் 999க்கு அழைத்தார். துவாயால் சுற்றி, துடிப்பைக் கேட்டபடியே அம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி 12 நிமிடத் தூரம். பிள்ளை வைத்தியர் பக்கத்தில் நிற்க, அரை மணித்தியாலத்தில் பெண்பிள்ளை பிறந்தது. உடனே அழுதது.

தொட்டிக்குள் பிள்ளை பிறக்கவில்லை. மருமகன் அடுத்தநாள் பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்தார். "வீணாப் போச்சே" என்று கேட்டேன். "இல்லையம்மா, அந்த ரெண்டரை மணித்தியாலம் எனக்குக் காணும்" என்றாள் மகள்.

இங்கே செய்யலாமா?

1997இல் ஒரு மழை இரவில் தறப்பாள் கொட்டில் ஒன்றில் ஒரு பிரசவம் பார்த்தேன். பிள்ளை சுகமாகப் பிறந்தது. நச்சுக்கொடியும் வந்தது. அதன் பிறகு இரத்தம் நிற்கவில்லை. என்னிடம் இருந்த ஒரேயொரு ஊசியையும் போட்டேன். வயிற்றைப் பிசைந்தபடியே லாண்ட்மாஸ்ரரில் ஏற்றினோம். கிடங்கும் சேறுமான பாதையில் ஆஸ்பத்திரியை அடைய இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பாதி வழியில் என் கைக்குக் கீழே அவள் போய்விட்டாள். வயது 23. அந்தப் பிள்ளைக்கு இப்போது அவளைவிட வயது கூட.

லண்டன் மேசையில் அடுக்கியிருந்த ஊசிகளையும் வாசலுக்கு வந்த அம்புலன்ஸையும் பார்த்தபோது எனக்கு அவள்தான் நினைவில் நின்றாள். அவளுக்கு இல்லாமல் போனவை அவை. தொட்டி அவற்றுக்குப் பிறகுதான் வரும்.

அதனால் இங்குள்ள பிள்ளைகளுக்கு என் பதில்: வேண்டாம். இலங்கையில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் வைத்தியசாலையில்தான் பிறக்கின்றன. வீட்டுப் பிரசவத்துக்கு இரண்டு மருத்துவமாதுகளும் மருந்தும் அம்புலன்ஸும் வரும் ஏற்பாடு இங்கே இல்லை. தொட்டியை மட்டும் வாங்கி வைத்தால், நாங்கள் உயிர்தப்பி வந்த அந்தக் கொட்டிலுக்கே திரும்பிப் போவதாகிவிடும். ஆனால் தண்ணீர் தரும் ஆறுதலில் சிலதை இங்கும் கேட்கலாம். நோவு தொடங்கும்போது இளஞ்சூட்டு நீரில் குளிப்பது, படுத்தே கிடக்காமல் நடப்பது, கூடவே ஓர் ஆள் நிற்பது. உங்கள் வைத்தியசாலையில் இவற்றுக்கு இடம் உண்டா என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

வெளிநாட்டில் பிள்ளை உள்ள தாய்மாருக்கு: ஏசாமல் ஐந்து கேள்வி கேளுங்கள். இது எத்தனையாவது பிள்ளை? நீரிழிவு, பிறசர் பார்த்தாச்சா? பிரசவ நேரம் எத்தனை மருத்துவமாதுகள் நிற்பார்கள்? ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம்? "வெளியே வா" என்றால் உடனே வருவாயா? ஐந்துக்கும் நல்ல பதில் வந்தால், துவாயை மடித்து வைத்துக்கொண்டு நீங்களும் பக்கத்தில் இருங்கள்.